தெருநாய்த் தொல்லை: வண்டியைக் கூப்பிடுவதா, தெருவே பொறுப்பெடுப்பதா, குடையோடு நடப்பதா?

"தெருவில் ஏழெட்டு நாய். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தால் துரத்துகிறது. புகார் சொன்னால் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஒரு வாரத்தில் அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சோறு வைப்பதை நிறுத்த மாட்டேன் என்கிறார். என்னதான் செய்வது?"

ஏறத்தாழ இதே வார்த்தைகளில் பலர் கேட்டுவிட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கிருக்கும் ஒரே தகுதி, சென்னைத் தெரு ஒன்றில் குடியிருப்போர் சங்கத்தின் நாய் விவகாரத்தை இரண்டு வருடம் தலையில் கட்டிக்கொண்டதுதான். அதில் பாதியைத் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## முதலில், எந்த நாய்?

சங்கக் கூட்டத்தில் "நாய்த் தொல்லை" என்று பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாக உடையும். "எந்த நாய், எந்த இடம், எத்தனை மணி" என்று கேட்டால் இரண்டு கட்சியும் ஒரே பதிலைச் சொல்லும். எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். துரத்தினால், கடித்தால், கடிக்க வந்தால் எழுதிவிட்டுப் போகச் சொன்னோம். (படிக்காதவர்களுக்கு இஸ்திரிக்காரரே எழுதிக் கொடுத்தார். தெருவில் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.) இரண்டு வாரத்தில் தெரிந்தது: புகாரில் முக்கால்வாசி இரண்டே நாய்களைப் பற்றியது. ஒன்று, பாதி கட்டிய வீட்டின் மணல் குவியலில் குட்டி போட்டிருந்த செவலைப் பெட்டை. இன்னொன்று, கோழிக்கடை வாசலைத் தன் சொத்து என்று நினைத்துக்கொண்ட கடுவன். மற்றவை குரைத்ததோடு சரி.

இந்தக் கணக்கை எடுக்காமல் எந்த வழிக்குப் போனாலும் குருட்டாம்போக்குதான்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இந்த மாதமே கடி குறையுமா? இரண்டு வருடம் கழித்தும் அந்த நிலை நிற்குமா? ரேபிஸ் (வெறிநோய்) பயம் குறையுமா? யார் உழைக்க வேண்டும், யார் பணம்? சட்டம் என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அதே சமயம் உடனே ஊசி போட்டால் அநேகமாக யாரும் சாக வேண்டியதில்லை. துரத்தும் நாயைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

## வழி 1: மாநகராட்சி வண்டியைக் கூப்பிடுவது

சென்னையில் 1913-க்கு அழைத்தால் புகார் பதிவாகும். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம். வண்டி வரும், நாயைப் பிடிக்கும், இனக்கட்டுப்பாட்டு மையத்தில் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். "திரும்ப விடுகிறார்களே" என்பது அதிகாரிகளின் அலட்சியம் என்று நானும் நினைத்திருந்தேன். அது விதி. 2001-ல் வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் ரேபிஸ் இருப்பதாகத் தெரியும் நாயையும், மூர்க்கமாகத் தாக்கும் நாயையும் திரும்ப விடக் கூடாது என்றது. இந்த விதிவிலக்கை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

நல்லது என்னவென்றால், இது இலவசம், சட்டப்படி சரி, நீண்ட காலத்தில் பலன் தருவது. கருத்தடை ஆன கடுவன் பெட்டைக்காகச் சண்டை போடுவது குறையும். பெட்டை குட்டி போடாது, குட்டிக்காகச் சீறாது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். முதலாவது, மாட்டுவது எது என்பது. எங்கள் தெருவுக்கு முதன்முறை வண்டி வந்தபோது, வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போன மூன்று அப்பிராணிகள்தான் மாட்டின. கோழிக்கடை கடுவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே காணாமல் போயிருந்தான். கடிக்கிற நாய் மனிதனை நம்பாத நாய். அது லேசில் மாட்டாது. அதனிடம் பழக்கமுள்ள ஒருவர் காலை ஆறு மணிக்கு பிஸ்கட்டோடு நிற்காவிட்டால் வண்டி வந்தும் பயனில்லை. அந்த ஒருவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே சோறு வைக்கும் அக்காதான்.

இரண்டாவது, பாதிக் கிணறு. உலக சுகாதார நிறுவனம் வெறிநோயை அடக்க ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது. கருத்தடையிலும் பெரும்பாலானவை முடிந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன, கருத்தடை ஆனவை நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். நாய்க்குச் சினைக்காலம் ஒன்பது வாரம், பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். எட்டில் ஐந்தைப் பிடித்துவிட்டு இரண்டு பெட்டைகளை விட்டால் அடுத்த வருடம் பழைய கணக்குதான்.

மூன்றாவது, காலம். கருத்தடை நாளைக்கே குணத்தை மாற்றும் மந்திரம் கிடையாது. குட்டிகள் பால் குடிக்கும் தாயையும், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் கருத்தடைக்குப் பிடிக்க விதி இடம் தராது. எங்கள் செவலைக்காக நான் மூன்று முறை புகார் செய்து கோபப்பட்டது வீண். அதற்கு வேண்டியிருந்தது ஒரு கயிறும் ஆறு வாரப் பொறுமையும்தான். மணல் குவியலைச் சுற்றிக் கயிறு கட்டி, எதிர்ப்பக்கம் நடக்கச் சொன்னோம். குட்டிகள் ஓடத் தொடங்கியதும் தாய் அடங்கிவிட்டது. பிறகு பிடித்துக்கொடுத்தோம்.

கிராம ஊராட்சிக்காரர்கள் இந்த வழியை நம்பித் திட்டமிட வேண்டாம். பல இடங்களில் பக்கத்தில் மையமே இருக்காது.

## வழி 2: "கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடலாம்"

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் மெதுவான குரலில் இதைச் சொல்வார். ஒரு மினி வேன், இரண்டு ஆள், ஊருக்கு வெளியே ஏரிக்கரை. இன்னும் மெதுவான குரலில் "பிஸ்கட்டில் கலந்து..." என்றும் ஒருவர் தொடங்குவார்.

பின்னது குற்றம். நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. விஷத்தை எந்தக் குழந்தை தொடும் என்றும் சொல்ல முடியாது. முன்னதுக்கும் விதியில் இடமில்லை.

ஆனால் சட்டத்தை விடுங்கள், பலன் உண்டா? இந்தச் சோதனையைச் சென்னை ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் செய்து பார்த்துவிட்டது. 1860 வாக்கில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 வரை போனது. எழுபதுகளில் குவிந்த தோலை என்ன செய்வதென்று மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் பர்ஸும் கழுத்து டையும் செய்து பார்த்தது என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் தெருவில் நாய் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. 1996-ல்தான் மாநகராட்சி கருத்தடைப் பக்கம் திரும்பியது.

காரணம் எளிது. தெரு எத்தனை நாய்க்குச் சோறு போடுகிறதோ அத்தனை நாய் அங்கே இருக்கும். குப்பைத் தொட்டியும் கோழிக்கழிவும் அப்படியே இருக்க, எட்டு நாயை எடுத்தால் அடுத்த தெருவிலிருந்து எட்டு வரும். பழைய எட்டுக்கு உங்கள் முகம் தெரியும், உங்கள் வீட்டு வாண்டு யார் என்று தெரியும். புது எட்டுக்கு யாரையும் தெரியாது. எல்லைச் சண்டை ஓயும் வரை இரண்டு மூன்று மாதம் தெரு முன்பைவிட மோசமாக இருக்கும்.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்கச் சொல்வார்கள். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அந்த நாயை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டால், கடிபட்டவருக்கு அந்த நிம்மதியும் வேனோடு போய்விடும்.

இந்த வழி பொருந்தும் இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். தெருவுக்கு ஒன்றும் இல்லை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் இவற்றுக்கு மட்டும் விஷயம் வேறு. 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்த இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் பிரச்சினை பள்ளி மைதானத்தில் என்றால் தலைமையாசிரியர் வழியாக உள்ளாட்சிக்கு எழுதுங்கள். அப்போதும் வேன் பிடிப்பது நம் வேலை கிடையாது.

"எல்லா நாயையும் காப்பகத்தில் போடலாமே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம் தீனி என்று குறைத்துப் போட்டாலும், 1.8 லட்சம் நாய்க்கு தினமும் 54 டன். இடம், ஆள், கழிவு, நெருக்கடியில் பரவும் நோய் எல்லாம் தனி.

## வழி 3: தெருவே பொறுப்பெடுப்பது

தலைப்பைப் பார்த்து நாய்ப் பிரியர் கட்சி ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். இதில் அவர்களுக்குத்தான் அதிக நிபந்தனை. 2025 ஆகஸ்ட் உத்தரவுப்படி தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். 2023 விதிகளிலும், குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு ஆகியவற்றுக்குத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த இடமும் நேரமும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் கால்நடை மருத்துவர், காவல்துறை, புகார்தாரர், சங்கப் பிரதிநிதி எல்லாரும் இருக்கும் குழு ஒன்று முடிவு செய்யும்.

நடைமுறையில் எங்கள் தெருவில் நான்கு வேலைகள். சோறு ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், அரை மணியில் தட்டை எடுத்துவிடுவது. கோழிக்கடைக் கழிவு மூடிய டிரம்மில் போவது. எந்த நாய்க்குக் காது வெட்டு இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு பட்டியல். வண்டி வரும் நாளில் பழகிய ஆள் உடன் நிற்பது. அவ்வளவுதான்.

இதில் இரண்டாவது வேலைக்குத்தான் சட்டை கிழிந்தது. கடைக்காரரோடு மூன்று மாதம் பேச வேண்டியிருந்தது. ஆனால் அந்த டிரம் வந்த பிறகுதான் கடுவன் அந்த வாசலுக்குக் காவல் நிற்பதை விட்டான். காக்க அங்கே ஒன்றும் இல்லையே! செலவழித்த நேரத்துக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால், நாயைத் தொடாமல் செய்த அந்த ஒரு வேலைக்குத்தான் முதல் மார்க் போடுவேன்.

மறைந்திருக்கும் செலவு, வருடாவருடம் வருவது. கருத்தடை ஒரு முறைதான். வெறிநோய்த் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், பொதுவாக வருடத்துக்கு ஒன்று. "காது வெட்டு இருக்கிறதே, கடித்தாலும் பயமில்லை" என்று ஒரு பெரியவர் ஊசி போடாமல் இருந்தார். காது வெட்டு என்பது எப்போதோ ஊசி போட்டதற்கான அடையாளம், இன்றைக்கும் அது வேலை செய்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவரை இழுத்துக்கொண்டு போய் ஊசி போட வைத்தோம்.

இன்னொரு செலவு, ஆள். இந்த ஏற்பாடு இரண்டு மூன்று பேர் தோளில் நிற்கும். அவர்களில் ஒருவர் வீடு மாறிப் போனால் தள்ளாடும். சோறு வைக்கும் அக்கா, தன் மகளின் பிரசவத்துக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போனபோது எல்லாம் பழையபடி ஆனது. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் தெருவுக்கு இந்த வழியைச் சிபாரிசு செய்யத் தயக்கமாக இருக்கிறது.

## வழி 4: நம்மை நாம் காத்துக்கொள்வது

தெரு மாறும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இது. பால், பேப்பர் போடுகிறவர்கள், டெலிவரி ஓட்டுகிறவர்கள், விடியற்காலையில் நடக்கும் பெரியவர்கள்.

பைக்கில் போகும்போது துரத்தினால் வேகத்தைக் கூட்டுவதுதான் நம் கை செய்யும் முதல் காரியம். காலைத் தூக்கிக்கொண்டு முறுக்கி, பேலன்ஸ் போய் விழுந்து கையை உடைத்துக்கொண்டவர் எங்கள் தெருவிலேயே உண்டு. நாய் அவரைத் தொடக்கூட இல்லை. மெதுவாக்குங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். ஓடாத வண்டியைத் துரத்துவதில் நாய்க்கு ருசி இல்லை. நடந்து போனால் ஓடக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு "மரம் மாதிரி நில்" என்று விளையாட்டாகவே பழக்கலாம். கம்பைவிடக் குடை மேல் என்பது என் கட்சி. கம்பு ஓங்கினால்தான் பயன், ஓங்கினால் சில நாய்க்கு வெறி ஏறும். குடையை விரித்து நடுவில் பிடித்தால் போதும், அடிக்க வேண்டியதில்லை. மழைக்கும் ஆகும்.

இதிலேயே பலருக்குத் தெரியாத ஒரு தேர்வு, கடிக்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி. முதல் நாள், 7-ஆவது நாள், பிறகு 21 அல்லது 28-ஆவது நாள் என்று மூன்று. தனியாரிடம் ஒன்று சில நூறு ரூபாய். இதை முடித்தவரைப் பின்னால் நாய் கடித்தால், அன்றும் மூன்றாம் நாளும் இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கக் காயத்தில் போடும் மருந்து) தேவையில்லை. தினமும் பல தெருக்களில் நுழைந்து வருகிறவர்களும், கடித்ததை வீட்டில் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தையை வைத்திருப்பவர்களும் மருத்துவரிடம் கேளுங்கள். நான் போட்டுக்கொண்டேன்.

கடித்தே விட்டால் உடனே சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. ரத்தம் வந்த கடிக்கு ஊசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அது எல்லாச் சின்ன மையத்திலும் இருக்காது, எங்கே கிடைக்கும் என்று இன்றே விசாரித்து வையுங்கள். தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28-ஆவது நாள்கள். மூன்றாவதோடு நிறுத்திவிட வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது; அந்த ஊசி இந்தியாவில் நின்று இருபது வருடம் ஆகிறது.

இந்த வழியின் குறை வெளிப்படை. நீங்கள் தப்பிப்பீர்கள், அடுத்த வீட்டுக் குழந்தை தப்பாது.

## பக்கம் பக்கமாக

| | வண்டி | கொண்டுபோய் விடுவது | தெருப் பொறுப்பு | தற்காப்பு |
|---|---|---|---|---|
| இந்த மாதம் கடி குறையுமா | சொல்ல முடியாது | சில நாள், பிறகு கூடும் | சோறும் கழிவும் ஒழுங்கானால் ஓரளவு | உங்களுக்கு மட்டும் குறையும் |
| இரண்டு வருடம் கழித்து | பெரும்பாலானவை முடிந்திருந்தால் நல்லது | பழைய கதை | ஆள் நிலைத்தால் நல்லது | அப்படியே |
| ரேபிஸ் பயம் | முதல் வருடம் குறையும் | கூடும் | வருட ஊசி போட்டால் குறையும் | முன்னூசி போட்டவருக்குக் குறைவு |
| செலவு | இலவசம், காத்திருப்பு | வேன் வாடகை, திரும்பத் திரும்ப | பணம் குறைவு, உழைப்பு அதிகம் | சில ஆயிரத்துக்குள் |
| சட்டம் | சரி | தப்பு | நிபந்தனையோடு சரி | சரி |

## அப்போது யாருக்கு எது?

சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம், பொறுப்பெடுக்க இரண்டு மூன்று பேர் உண்டு என்றால் வழி 3, அதற்குள் வழி 1-ஐ ஒரு கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியதுதான் எங்கள் முதல் வருடத் தப்பு. பெட்டைகளை முதலில் பிடித்துக்கொடுங்கள்.

வாடகைத் தெரு, யாருக்கும் நேரமில்லை என்றால் வழி 1-ஐ எழுத்தில் விடாமல் தொடருங்கள், கூடவே வழி 4. கழிவு டிரம் மட்டும் எப்படியாவது.

ஒரே ஒரு நாய், பலரைக் கடித்திருக்கிறது, குட்டியும் இல்லை, சோற்றுச் சண்டையும் இல்லை என்றால், அது ஆகஸ்ட் உத்தரவின் விதிவிலக்குக்குள் வரும். பொதுவாக "நாய்த் தொல்லை" என்று எழுதாமல், அந்த நாயின் படம், கடித்த தேதிகள், கடிபட்டவர்களின் மருத்துவமனைச் சீட்டு நகல் எல்லாம் இணைத்து, மூர்க்கமான நாய், திரும்ப விடக் கூடாது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நோட்டு அப்போதுதான் கைகொடுக்கும்.

வாய் தொங்கி, எச்சில் வடிந்து, குரைப்பே மாறி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் நாய் என்றால் ஒப்பீடெல்லாம் கிடையாது. யாரும் பிடிக்கப் போகாதீர்கள், குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் இப்போது ஆறு. ஐந்துக்குக் காது வெட்டு உண்டு. செவலை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் படுத்திருக்கும், மிதித்தால்தான் எழுந்திருக்கும். போன வாரம் கறுப்பாக ஒரு பெட்டை புதிதாக வந்திருக்கிறது, இரண்டு காதும் முழுசு. அக்கா பிஸ்கட் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை 1913-க்கு அழைக்க வேண்டும்.